குருந்தங்குளத்துக்குக் கடைசிப் பந்தி

எம்மெல்லே சோலைச்சாமிய யாராச்சும் கொறைச்சுப் பேசுனா எனக்குப் பொறுக்காது. ஒருநா வெளியூர்க்காரன் ஒருத்தன் எங் கடையில நின்னு டீயக் குடிச்சுக்கிட்டே, "சொந்த ஊருக்கு ஒரு பஸ்ஸு விட வக்கில்ல, இவரெல்லாம் ஒரு எம்மெல்லே"ன்னான். பாதி டீயோட கிளாச வெடுக்குன்னு பிடுங்கிட்டேன். "ஒங்காசும் வேண்டாம், ஒஞ் சகவாசமும் வேண்டாம், எந்திரிச்சுப் போய்யா"ன்னு வெரட்டி விட்டேன். எம் புருசன் ஞானையா தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏவாரம் பண்ற எடத்துல இம்புட்டு வாயி ஆகுமா, இன்பராணி?"ன்னாரு. ஆகுதோ ஆகலையோ, எனக்குன்னு இருக்கிறது இந்த வாயி ஒண்ணுதான். அந்த வாயிதான் பின்னால ஒரு ஊருக்கே ரோடு போட்டுச்சு. அதத்தான் சொல்ல வாரேன்.

எங் கடை குருந்தங்குளம் விலக்குல இருக்கு. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வழியா வீரசோழன் போற பஸ்ஸெல்லாம் இங்கன நிக்கும். எறங்கி மேக்க பாத்தா ஒரு மண்ணுப் பாதை. ரெண்டு பக்கமும் வேலிக்கருவை, தூரத்துல ஒரு ஒத்தப் பனை. அந்தப் பனையத் தாண்டி இன்னும் அம்புட்டுத் தூரம் நடந்தாத்தான் குருந்தங்குளம். வெயிலு காலத்துல கணுக்கால் வரைக்கும் புழுதி. மழை பேஞ்சாலோ, கரிசல் மண்ணு கால்ச் செருப்பக் கழட்டி வாங்கிக்கிரும், மாட்டு வண்டி அச்சு வரைக்கும் எறங்கிரும். மொளகா வத்தல் மூட்டை, கரி மூட்டை, சீக்காளி, பிள்ளைத்தாச்சி எல்லாம் அந்தப் பாதையில வந்து எங் கடை பெஞ்சியில உக்காந்துதான் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கணும். எங்களுக்குச் சோறே அதுலதான். ஊருக்குள்ள பஸ்ஸு போயிட்டா விலக்குல எவன் டீ குடிக்கப் போறான்? அதையும் இப்பவே சொல்லிட்டேன். மறைச்சு வச்சேன்னு பின்னால யாரும் பேசக் கூடாது.

சோலைச்சாமி அண்ணன் கரிமூட்டம் போடுறவரு. எனக்குக் கூடப் பெறந்தவரு இல்ல. நான் வேதக்காரி, அவுக மாரியாத்தாளக் கும்பிடுறவுக. ஆனா மொத நாளே "தங்கச்சி, ஒரு டீ போடுத்தா"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து அவரு அண்ணன், அவரு பொண்டாட்டி மாயக்காள் எனக்கு மதினி.

கரிமூட்டம் போடுறது லேசுப்பட்ட வேலை இல்ல. கருவேலங் கட்டைய வெட்டிக் குத்த வச்சு அடுக்கி, மேல வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மெழுகி, உள்ள தீய வைக்கணும். தீ எரியக் கூடாது, பொகைஞ்சுக்கிட்டே கெடக்கணும். எங்கயாச்சும் விரிசல் விட்டுக் காத்து உள்ள போயிருச்சுன்னா அம்புட்டுக் கட்டையும் சாம்பலாப் போயிரும். அதனால பத்த வச்ச மூட்டத்த விட்டுட்டு வேலை தெரிஞ்ச எவனும் நகர மாட்டான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதுக்குப் பக்கத்துலயேதான்.

எம்பத்தொம்பதாம் வருசத்து எலெக்சன்ல அவுக கட்சியில ரெண்டு பெரிய ஆளுக சீட்டுக்கு முட்டிக்கிட்டாக. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தர் கவுத்துருவாரு. ரெண்டு பேருக்கும் பகை இல்லாத ஆளு யாருன்னு தேடுனதுல, கிளைச் செயலாளரா இருந்த நம்ம அண்ணன் ஆம்புட்டாரு. "இவரா? நகக்கண்ணுல கரியோட?"ன்னு திருச்சுழியில சிரிச்சாக. அவரு பாட்டுக்கு சைக்கிள எடுத்துக்கிட்டு ஊரு ஊராப் போனாரு. போன எடத்துல மேடை போட்டுப் பேசல. வத்தக் களத்துல உக்காந்து அவுககூடச் சேந்து வத்தல் பெறக்கிக்கிட்டே பேசுனாரு.

வோட்டு எண்ணுன அன்னைக்கு ஒரு ஜீப்பு நெறைய கொடியோட வந்து விலக்குல நின்னுச்சு. "செயிச்சாச்சு! எம்மெல்லே எங்க?"ன்னு கேட்டாக. நானும் ஜீப்புல ஏறிக்கிட்டேன். போயிப் பாத்தா மனுசன் கம்மாய்க்குள்ள மூட்டத்து மேல மண்ணு அப்பிக்கிட்டு நிக்காரு.

"அண்ணே, நீங்க செயிச்சிட்டீக!"

"செத்தப் பொறு தங்கச்சி. அந்தப் பக்கம் பொகை வெள்ளையாப் போகுதா, நீலமாப் போகுதா, பாத்துச் சொல்லு."

"வெள்ளையாத்தான் போகுது. அட எறங்குங்கண்ணே, மாலையோட நிக்காகள்ல!"

"வெள்ளையாப் போனா இன்னும் வேகலன்னு அர்த்தம். விட்டுட்டு எப்பிடி வர?"

மாயக்கா மதினிதான் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறுனாக. "மண்வெட்டிய இங்கிட்டுக் குடுங்க. நீங்க போயி எம்மெல்லே ஆகுங்க. நான் கரியப் பாத்துக்கிறேன்"னாக. ஊரே கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. அண்ணன் ஜீப்புல போயி அருப்புக்கோட்டையில மாலை வாங்குனாரு. மதினி மூஞ்சியெல்லாம் கரியோட மூட்டத்துக்குக் காவல் கெடந்தாக. கரி நல்லாத்தான் வந்துச்சு.

அந்த வாரமே ஊரு கூடுச்சு. என்ன கேப்பாக? பஸ்ஸுதான். மதினியோட மூத்த அண்ணன் வெள்ளத்துரைதான் ஊருக்குப் பெரியாளு. அவருதான் எந்திரிச்சு, "மாப்ள, மொத பஸ்ஸு நம்ம ஊருக்கு விடணும்"னு சொன்னாரு.

சோலைச்சாமி அண்ணன் எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. "மச்சான், நம்ம வீட்டுல ஒரு விசேசம் வைக்கோம். வந்தவுகளுக்கு எலை போட்டுட்டுக் கடைசிப் பந்தியிலதான நாம உக்காருவோம்? இப்பத் தொகுதியே நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவுகள நிக்க வச்சுட்டு நாம மொதப் பந்தியில உக்காந்து தின்னா ஊரு சிரிக்காதா?"

வெள்ளத்துரைதான், "மாப்ள சொல்றது மொறதான். நாம விசேச வீட்டுக்காரவுக. கடைசியில தின்னுக்கிருவோம்"னாரு. எல்லாரும் கை தட்டுனாக. நெசத்துக்குமே அன்னைக்கு அந்த ஊருக்கு அம்புட்டுப் பெருமை. எங் கடையில டீ குடிக்க வந்தாலும், "மொதல்ல வெளியூர்க்காரவுகளுக்குக் குடு, நாங்க விசேச வீட்டுக்காரவுக"ன்னு கேலி பேசிக்கிட்டு நின்னாக.

அண்ணன் சொன்னபடியே செஞ்சாரு. மேலப்பனையூருக்கு பஸ்ஸு வந்துச்சு. இடைச்சியூரணிக்கு வந்துச்சு. நொச்சிக்குளத்துக்குப் பாலம் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் எம்புட்டு ஆபீசு ஏறி எறங்குனாருன்னு எனக்குத்தான் தெரியும். காலையில மொத பஸ்ஸுக்கு வந்து நின்னு, பொழுது சாய எறங்கி, எங்கிட்ட ஒரு டீய வாங்கிக் குடிச்சுட்டு அந்த மண்ணுப் பாதையில நடந்துதான் வீட்டுக்குப் போவாரு. எம்மெல்லேன்னா காரு வேணாமா? "எதுக்குத்தா? அந்தப் பாதையில காரு விட்டா காருக்கில்ல கேடு"ன்னு சிரிப்பாரு.

கடைசியா தொண்ணூத்தொண்ணு தை மாசம் குருந்தங்குளத்துக்கு எலை விழுந்துச்சு. பஸ்ஸுக்கு உத்தரவாகி, பாதையச் சொரண்டிச் சமமாக்கி, வாழைக்கண்ணெல்லாம் வெட்டிக் கொண்டாந்து எங் கடைக்கு முன்னாலதான் போட்டிருந்தாக. நான் பாலக் காய்ச்சிக்கிட்டு ரேடியோவக் கேட்டுக்கிட்டு நிக்கேன். ஆட்சியக் கலைச்சுட்டாகன்னு சேதி சொல்றான். பால் பொங்கி அடுப்புல ஊத்துது, நான் பாத்துக்கிட்டே நிக்கேன். ஏசப்பா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கக் கூடாதான்னு வாய்விட்டே கத்திட்டேன். பஸ்ஸு வரல. வாழைக்கண்ண மாடு தின்னுச்சு. அந்த வருசமே வந்த எலெக்சன்ல அண்ணனும் தோத்துப் போனாரு. மறுநாளே அருவாளத் தீட்டிக்கிட்டுக் கம்மாய்க்குள்ள எறங்கிட்டாரு.

அதோட போயிருந்தா ஊரு மறந்திருக்கும். ஐப்பசி அடைமழையில வெள்ளத்துரை மருமகளுக்கு வலி எடுத்திருச்சு. தலைப்பிரசவம். வண்டியக் கட்டிக்கிட்டு வந்தாக. ஒத்தப் பனைக்கிட்ட ஒரு பள்ளம் உண்டு, அதுல சக்கரம் எறங்கிருச்சு. மாடு ரெண்டும் மண்டி போட்டுருச்சு. நானும் ஞானையாவும் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு ஓடுனோம். பிள்ளை அங்கயே பெறந்துச்சு. ஆம்பளப் பிள்ளை. அழவே இல்ல.

வெள்ளத்துரை அழுகல. நேரா சோலைச்சாமி அண்ணன் வாசலுக்குப் போயி நின்னாரு. "பஸ்ஸு வந்திருந்தா எம் பேரன் பொழச்சிருப்பான். ஊரெல்லாம் ஒங் கையால தின்னு ஏப்பம் விட்டுச்சு. எங்க எலையில மண்ணப் போட்டுட்டயே மாப்ள! இனிமே ஒன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

எங்க பக்கம் சண்டை போட்டவுக மறுநாளே பேசிக்குவாக. வெட்டுக்குத்து நடந்தாக்கூட பேசிச் சரிபண்ணிருவாக. கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டா அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாக. அந்த வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் பந்தியில உக்கார மாட்டாக. வெள்ளத்துரைக்குப் பின்னால ஊரே அப்பிடி நின்னுருச்சு. அவரத் தப்புச் சொல்ல எனக்கும் வாய் வரல. பிள்ளையத் துணியில சுத்திக் குடுத்தது நாந்தான.

மறு வருசம் மதினி மக தங்கமாரி பெரிய மனுசியானா. சடங்குக்குப் பந்தல் போட்டு, கிடா வெட்டி, சோத்த வடிச்சுக் குமிச்சு வச்சாக. தாய்மாமன் சீர் கொண்டு வந்தாத்தான எல்லாம். தாய்மாமன் வெள்ளத்துரை வரல. ஊருல ஒரு ஈ காக்கா வரல. விரிச்ச பாயில நானும் ஞானையாவும் மட்டும் உக்காந்து தின்னோம். மிச்சச் சோத்த அண்ணன் வண்டியில ஏத்திக்கிட்டு விலக்குக்கு வந்து, பஸ்ஸு பஸ்ஸா நிப்பாட்டி எலை போட்டாரு. மதினி எங் கடைத் தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னாக.

"ராணி, நீ சாட்சி. இந்த ஊரு எம் வாசல்ல உக்காந்து கை நனைக்காம, எம் மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட மாட்டேன். அவ குமரியாவே கெடந்தாலும் சரி."

"ஏன் மதினி இப்பிடி வார்த்தைய விடுறீக?"

"விட்டுட்டேன்."

தொண்ணூத்தாறுல அண்ணன் மறுபடியும் நின்னாரு. நின்னது மட்டுமா, அள்ளிக்கிட்டுச் செயிச்சாரு! பஸ்ஸும் பாலமும் வாங்குன ஊரெல்லாம் மறக்கல. மேலப்பனையூருல ஒரு வோட்டுக்கூட மாறி விழலன்னு பேசிக்கிட்டாக. குருந்தங்குளம் மட்டும் போடல, அதுவும் எல்லாத்துக்கும் தெரிஞ்ச சங்கதிதான். செயிச்ச ஊர்வலம் எங் கடை வழியாத்தான் போச்சு. வேட்டு வெடிச்ச வெடியில எங் கூரையே பத்தப் பாத்துச்சு. ஊர்வலம் விலக்கோட நின்னுக்கிருச்சு. அண்ணன் மாலையக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு ஒத்தையில ஊருக்குள்ள நடந்து போனாரு.

அந்த ஆடியிலதான் காரியாபட்டியில இருந்து தங்கமாரியக் கேட்டு வந்தாக. பையன் செல்வக்குமாரு, லாரி ஓட்டுறவன், தங்கமான பிள்ளை. ஆவணியில வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாக. மறுநாளு அண்ணன் மெட்ராசுக்குக் கெளம்பி வந்து நின்னாரு. மதினி வத்தல் மூட்டையோட பின்னாலயே வந்து அதப் பொத்துன்னு போட்டாக. பெஞ்சியில மேலப்பனையூர்க்காரவுக நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாக. அதெல்லாம் மதினி பாக்கல.

"காரியாபட்டிக்காரவுகளுக்கு என்ன பதிலு சொல்ல?"

"மதுரையில ஒரு மண்டபத்தப் பிடிச்சுருவோம் மாயக்கா."

"ஏன், எம் மக ஊரு இல்லாதவளா?"

"ஊரு வராதே, என்ன செய்யச் சொல்ற?"

"ஏன் வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப இந்த வாட்டியாச்சும் மொத பஸ்ஸ நம்ம ஊருக்கு வாங்குங்க. பாதையப் போடச் சொல்லுங்க. பாதை சரியில்லாம பஸ்ஸு விட மாட்டோம்னுதான டெப்போவுல சொல்றாக? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?"

"நடக்கும். அதான் சொல்ல மாட்டேங்கிறேன்." அண்ணன் கிளாச உருட்டிக்கிட்டே பேசுனாரு. "நான் செயிச்சது நம்ம ஊரு வோட்டுலயா? மத்த ஊருக்காரன் போட்டதுல. இடைச்சியூரணியில இன்னும் கொழாய் இல்ல. நொச்சிக்குளத்துல பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல. அவனத் தள்ளிட்டு, எம் மக கல்யாணத்துக்கு வேணும், எனக்கு மொதல்ல குடுன்னு எந்த மொகத்தோட கேக்க?"

"பந்தி வச்சவன் கடைசியில திங்கணும், சரி. திங்காமயே சாகணும்னு எந்த ஊரு வழக்கம்? சொல்லுங்க!"

அண்ணனுக்குக் கண்ணு செவந்து போச்சு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிட்டாரு. மதினி மூட்டை மேல உக்காந்து, சேலையால மொகத்த மூடிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதாக. மூட்டத்துக் கரியிலயும் சடங்கு வீட்டுலயும் அழுகாத மனுசி.

எனக்கு உச்சந்தலையில சூடு ஏறிருச்சு. பெஞ்சியில இருந்தவுக பக்கம் திரும்புனேன். அதுல மூத்த ஆளு பால்ச்சாமி.

"ஏய்யா பால்ச்சாமி, கேட்டீகளா? ஒங்க ஊருக்கு பஸ்ஸு வந்து எம்புட்டுக் காலமாச்சு? நல்லா உக்காந்து தின்னீக, கைய கழுவிட்டுப் போயிட்டீக. எங்க பக்கத்துல விசேச வீட்டுக்காரவுக கடைசிப் பந்தியில உக்காந்தா, விருந்துக்கு வந்தவுகதான வாளியத் தூக்கணும்? இந்த மனுசனுக்குப் பரிமாற ஒருத்தன், ஒரே ஒருத்தன் நின்னீகளா? எலையப் போட்டுக்கிட்டு அந்தக் குடும்பம் அஞ்சு வருசமா உக்காந்திருக்கே, ஒங்களுக்குக் கண்ணு தெரியல?"

ஞானையா என் கையப் பிடிச்சு இழுத்தாரு. "கூறுகெட்டவளே, பஸ்ஸு உள்ள போனா நம்ம கடையில ஈதான் ஓட்டணும்!" காதுக்குள்ளதான் சொன்னாரு. நான் சத்தமாவே பதிலு சொன்னேன். "ஓட்டிட்டுப் போவோம். அந்தப் பிள்ளையத் தூக்குன கையி என்னுது!"

பால்ச்சாமி டீக்குக் காச வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. போச்சு, நாலு வாடிக்கைய வெரட்டிட்டேன்னு நெனச்சேன்.

ரெண்டு மூணு நா கழிச்சு விடியக் கடை தெறக்குறேன், கிழக்க சலங்கைச் சத்தம் கேக்குது. பாத்தா வண்டி. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வருது, வால் தெரியல. எல்லாத்துலயும் செவப்புச் சரளு லோடு. முன்னால பால்ச்சாமி. மேலப்பனையூரு, இடைச்சியூரணி, நொச்சிக்குளம், எனக்குப் பேரு தெரியாத ஊரெல்லாம் வந்திருக்கு. நாலஞ்சு டிராக்டரும் பொகையக் கக்கிக்கிட்டு வருது.

"என்னய்யா இது?"ன்னேன்.

"வாளியத் தூக்கச் சொன்னயில்ல? தூக்கிட்டு வந்திருக்கோம்"னாரு பால்ச்சாமி. "டெப்போவுக்கும் நாங்களே ஊரு ஊராத் திரண்டு போயிட்டோம். பாதைய முடிச்சீகன்னா பஸ்ஸு விடுறோம்னு சொல்லிட்டாக. எம்மெல்லேக்குத் தெரியாது. தெரிஞ்சா வேண்டாம்பாரு."

எனக்கு வந்த அழுகையில அடுப்பப் பத்த வைக்கத் தெரியல. ஞானையாதான் பத்த வச்சு, வந்தவுக அம்புட்டுப் பேருக்கும் டீ போட்டாரு. காசு வாங்கல. என்னப் பாத்து மொறைச்சாரு, ஆனா வாங்கல.

மதினிக்குச் சேதி போச்சு. வேலை செய்ய வந்தவுகளுக்குச் சோறு போடணுமே! சடங்குக்கு வாங்குன அண்டாவக் கழுவி எடுத்தாக. சோறு, கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் கொழம்பு, பருப்புத் தொவையலு. நானும் தங்கமாரியும் கூடமாட நின்னோம். வெளியூர்க்காரவுக மதினி வாசல்ல வரிசையா உக்காந்து அள்ளித் தின்னாக. குருந்தங்குளத்துக்காரவுக அவுகவுக வாசல்ல நின்னு பாத்தாக. தன் பாதைக்கு எவனோ சரளு கொட்டுறான், தான் கையக் கட்டிக்கிட்டு நிக்கோமேன்னு இருக்காதா? மத்தியானத்துக்கு மேல ஒரு பொம்பள குடத்துல தண்ணி கொண்டாந்து வச்சா. இன்னொருத்தி அம்மியில உக்காந்து மசாலா அரைச்சா. மறுநாளு ஆம்பளைக மண்வெட்டியோட வந்து எறங்கிட்டாக. வேலை செஞ்சாக, ஆனா பந்தியில உக்காரல. வெள்ளத்துரை இன்னும் உக்காரலையே!

அவரு மூணாம் நாளுதான் வந்தாரு. தன்னோட வண்டியில சரளு ஏத்திக்கிட்டு, யாரையும் பாக்காம நேரா ஒத்தப் பனைக்கிட்டப் போனாரு. அந்தப் பள்ளத்துல லோடக் கொட்டுனாரு. திரும்பிப் போயி இன்னொரு லோடு, இன்னொரு லோடு. அப்பறம் மண்ண இறுக்குற திமிசுக் கட்டைய எடுத்து ஒத்தையில நின்னு குத்துனாரு. தங்கு தங்குன்னு அந்தச் சத்தம் எங் கடை வரைக்கும் கேட்டுச்சு. உதவிக்கு வந்தவன எல்லாம் போடான்னு வெரட்டிட்டாரு. நான் டீ கொண்டு போனேன். வாங்கிக் குடிச்சாரு.

"இனிமே இந்த எடத்துல எவன் வண்டியும் எறங்காது, இன்பராணி"ன்னாரு. கிளாசத் திருப்பிக் குடுத்துட்டு மறுபடியும் திமிசுக் கட்டையத் தூக்குனாரு.

பஸ்ஸு வர்ற அன்னைக்கு எங் கடைய அடைச்சுட்டேன். கடை தெறந்த நாளா ஒரு நா பூராம் அடைச்சது அன்னைக்குத்தான். வாழைக்கண்ணு, செவ்வந்தி மாலையோட பஸ்ஸு விலக்குல நிக்குது. அதே நேரத்துக்கு வீரசோழன் பஸ்ஸுல சோலைச்சாமி அண்ணன் மெட்ராசுல இருந்து பையோட எறங்குறாரு. செவப்பா ஒரு ரோடு மேக்க நீண்டு கெடக்குறதப் பாத்துட்டு, எறங்குன எடத்துலயே நின்னுட்டாரு.

"இது என்ன தங்கச்சி?"

"ஒங்க ஊருப் பாதைதான்."

"யாரு போட்டது? யாரக் கேட்டுப் போட்டீக?"

பால்ச்சாமி முன்னால வந்தாரு. "விருந்துக்கு வந்தவன் பரிமாறுறதுக்கு விசேச வீட்டுக்காரன எதுக்குக் கேக்கணும்? ஏறுங்கய்யா பஸ்ஸுல!"

அண்ணன் துண்ட எடுத்து வாயப் பொத்திக்கிட்டாரு. எலெக்சன்ல தோத்தப்பக்கூட மொகம் கோணாத மனுசன் பிள்ளை மாதிரி அழுதாரு. தூக்கி ஏத்தாத கொறையா ஏத்துனோம். டிரைவரு ஆரன அமுக்குன அமுக்குல காக்கா குருவி ஒண்ணு மிச்சமில்லாமப் பறந்துருச்சு. ஒத்தப் பனைக்கிட்ட பஸ்ஸு ஒரு ஆட்டங்கூட ஆடல. நான் சன்னல் வழியா அந்த எடத்தையே பாத்தேன். பக்கத்துல ஞானையாவும் பாத்தாரு.

மதினி வாசல்ல பந்தல். அன்னைக்கு கிடாக் கறி. வெளியூர்க்காரவுக பந்தி பந்தியா உக்காந்து எந்திரிச்சாக. அண்ணன் கறி வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. கடைசியா பாயத் தட்டி விரிச்சு எலை போட்டாக. பால்ச்சாமி வந்து, அண்ணன் கையில இருந்த வாளியப் பிடுங்கிட்டாரு. "போதும். விசேச வீட்டுக்காரவுக உக்காருங்க. குருந்தங்குளத்துக்காரவுக எல்லாருந்தான்!"

ஒரு ஆளு அசையல. எல்லாக் கண்ணும் பந்தக்காலச் சாஞ்சு நின்ன வெள்ளத்துரை மேல இருக்கு. அண்ணனும் மதினியும் மட்டும் போயி உக்காந்தாக. மதினி மொகம் வெளுத்துப் போச்சு. தங்கமாரி கதவு மறைவுல நின்னு தாவணி முந்தியக் கடிச்சுக்கிட்டு இருக்கா. எனக்கு வாய் துறுதுறுங்குது. ஞானையா என் காலு மேல தன் காலப் போட்டு மிதிச்சுக்கிட்டு நிக்காரு, பேசிராதன்னு.

வெள்ளத்துரை தோள் துண்ட உதறுனாரு. மெல்ல வந்து அண்ணனுக்குப் பக்கத்து எலையில சம்மணம் போட்டு உக்காந்தாரு. டம்ளருல இருந்த தண்ணியக் கையில ஊத்தி எலையத் தெளிச்சாரு. கை நனைஞ்சுருச்சு. அம்புட்டுத்தான், ஊரே மடமடன்னு உக்காந்துச்சு, எடம் பத்தாம தெருவுல பாய விரிச்சோம்.

பால்ச்சாமி சோத்த வச்சுட்டு நகரப் போனாரு. வெள்ளத்துரை எலையப் பாத்தாரு, தங்கச்சியப் பாத்தாரு.

"ஏத்தா மாயக்கா, என்ன இது, ஆளு பாத்து வைக்கச் சொல்ல மாட்டயா? இத்துணூண்டு சோறு எந்த மூலைக்குக் காணும்? எனக்கு அஞ்சு வருசப் பசி!"

மதினி எலைய விட்டு எந்திரிச்சாக. பால்ச்சாமிகிட்ட இருந்து சோத்துக் கூடைய வாங்கி, அப்பிடியே தன் அண்ணன் எலையில கவுத்தாக. சோறு எலைய மூடி, பாயில வழிஞ்சு, பக்கத்துல எம்மெல்லே எலையிலயும் போயி விழுந்துச்சு. மதினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. வெள்ளத்துரை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, வாய் நெறைய சோத்தோட கதவுப் பக்கமாச் சத்தம் குடுத்தாரு.

"ஏ தங்கமாரி, அங்க என்னடி ஒளிஞ்சு நிக்க? காரியாபட்டிக்காரவுகள வரச் சொல்லு. பஸ்ஸு வாசலுக்கே வருது, தாய்மாமன் சீர ஏத்தி எறக்க எனக்கு என்ன கஷ்டம்?"